மல்லிகை வாசம் தலைக்குள் என்ன செய்கிறது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

இப்போதெல்லாம் பூ வாங்க வரும்போது பலர் ஒரு கேள்வியும் கேட்கிறீர்கள். மல்லிகையைத் தலைமாட்டில் வைத்தால் நல்ல நித்திரை வருமாம், மன அழுத்தம் குறையுமாம், பிள்ளைக்குப் படிப்பு நினைவில் நிற்குமாம், உண்மையோ? பின்னேரம் கடையில் ஆட்கள் நிற்கும்போது ஆறுதலாகக் கதைக்க முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறோம். பூ விற்கிறவர்கள் என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லப் போவதில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிறவர்களைக் கவனித்திருக்கிறோம். சரத்தைக் கையில் கொடுத்ததும் தலையில் வைக்க மாட்டார்கள். முதலில் மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார்கள், சிலருக்குக் கண் கலங்கிவிடும், மிச்சக் காசை வாங்க மறந்து நிற்பவர்களும் உண்டு. இதற்குக் காரணம் மூளைக்குள்ளேயே இருக்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் சேதி தலாமஸ் என்ற இடத்துக்குப் போய்த்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகும். வாசனைக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. மூக்கின் உச்சியில் உள்ள நரம்பில் பட்டதும் மூளையின் முன்பக்க அடியில் உள்ள முகர்வுக் குமிழுக்குப் போகிறது, அங்கிருந்து நேரே அமிக்டாலாவுக்கு, அதாவது பயமும் பாசமும் கிளம்புகிற பகுதிக்கு. பழைய ஞாபகங்களோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸும் அங்கிருந்து கிட்டத்தான். மூக்கில் வாசனைகளைப் பிடிக்கும் ஏற்பிகள் மனிதருக்குச் சுமார் 400 வகை இருக்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1991-இல் கண்டுபிடித்தார்கள், 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நித்திரைக்கு வருவோம். மல்லிகையிலும் லாவெண்டரிலும் லினலூல் என்ற பொருள் இருக்கிறது. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் இதை எலிகளுக்கு முகரக் கொடுத்துப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். எலிகளின் பதற்றம் குறைந்தது, ஆனால் மோப்ப சக்தியை இழந்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே அந்த ஆறுதல் மூக்கு வழியாகத்தான் வந்திருக்கிறது. நல்ல சேதிதான், ஆனால் அவை எலிகள். மனிதரிடம் செய்த ஆய்வுகள் பலவும் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. அதனால் டொக்டர் தந்த நித்திரைக் குளிசையையோ மனச்சோர்வுக்கான மருந்தையோ பூவை நம்பி நிறுத்தாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறோம்.

உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் அம்மாமாருக்கு ஒன்று. ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், சீட்டுகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று மனப்பாடம் செய்யும்போது சிலருக்கு ரோசா வாசத்தை முகரக் கொடுத்தார்கள், அன்றிரவு ஆழ்ந்த நித்திரையிலும் அதே வாசத்தைக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் காலையில் கூடுதலாக ஞாபகம் இருந்தது. படிக்கும்போது வாசம் இல்லாமல் இரவில் மட்டும் கொடுத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. படிக்காத பாடத்தை எந்தப் பூவும் தலைக்குள் ஏற்றாது, அதனால் ரோசா வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை நெருக்காதீர்கள்.

கொரோனாவுக்குப் பிறகு வாசமே தெரியவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கு எண்ணெய்களை ஒரு நாளைக்கு இரண்டு தரம், 12 கிழமை முகர்ந்து பழகும் முறை ஒன்றை ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தோமஸ் ஹம்மல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2009-இல் எழுதினார்கள், பலருக்கு அது உதவியிருக்கிறது. கராம்பும் தேசிக்காய்த் தோலும் எங்கள் எல்லோர் வீட்டுக் குசினியிலும் இருக்கிறதே. டொக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

எங்களைக் கேட்டால், வாசத்தின் பலன் அதை எந்த நேரத்தோடு சேர்க்கிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. விளக்குக் கொளுத்தும் நேரமோ படுக்கப் போகிற நேரமோ, ஒரு நேரத்துக்கு ஒரு பூ என்று வைத்துக்கொண்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்சம் மூச்சை இழுத்து விட்டால் போதும். தொடர்ந்து செய்தால் அந்த வாசம் வந்ததுமே உடம்பு தளரப் பழகிவிடும். அதற்கு ஒரு முழம் கூடத் தேவையில்லை, கைப்பிடி மொட்டுப் போதும். மூக்கு சில நிமிடத்தில் எந்த வாசத்துக்கும் பழகிவிடும், கூட வைத்தால் தலையிடிதான் மிச்சம்.

முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் யன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணியோ சந்தனக்குச்சியோ கொளுத்தாதீர்கள். புகை எந்த வாசம் என்றாலும் புகைதான். போத்தலில் வரும் வாசனை எண்ணெயை அப்படியே தோலில் தேய்க்கவும் வேண்டாம், தேங்காய் எண்ணெயில் ஒன்றிரண்டு துளி விட்டுக் கலந்து பாவியுங்கள்.

மொட்டு மத்தியானத்துக்குப் பிறகுதான் கடைக்கு வரும். இறுக்கமாக, நுனியில் இலேசாகப் பச்சை ஓடியிருக்கும். அப்போது வாசம் இல்லையே என்று திருப்பித் தராதீர்கள், மாலை இருட்டும்போது ஒவ்வொன்றாக விரியும், வாசமும் அப்போதுதான் வரும். தண்ணீர் தெளித்து ஊற வைக்காமல் ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றி வையுங்கள். படுக்கைக்கு வைக்க என்று சொல்லிக் கேட்டால் சரம் கட்டாத மொட்டைச் சின்னப் பொதியாகத் தருகிறோம், விலையும் குறைவு. திருவிழா நாட்களில் மட்டும் காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பூக்கடை, நல்லூர்