செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவிலிருந்து இன்றுவரை நமது நலச் சங்கம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ரத்ததான முகாம், முதியோருக்கான கண் பரிசோதனை, மரக்கன்று நடுதல் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் நிகழ்ச்சி ஒரு மாதம் தள்ளிப்போனது. நன்கொடை கைக்கு வரத் தாமதமானதும் சந்தா பாக்கியும் காரணம். செயற்குழு 9 முறை கூட்டப்பட்டது. அவற்றில் 4 கூட்டங்கள், நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் (கோரம்) வராததால் ஒத்திவைக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முன்னதாக அறிவிப்பு அனுப்பியதற்குப் பதிவேட்டில் சான்று இருக்கிறது.

அக்டோபர் 17 அன்று உலக வறுமை ஒழிப்பு நாளை அனுசரித்தோம். 14 பேர் வந்திருந்தார்கள். இந்த நாளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1987இல் ஜோசப் வ்ரெசின்ஸ்கி என்ற பாதிரியாரின் அழைப்பை ஏற்று, பாரிஸின் டிரோக்கடேரோ சதுக்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். வறுமையில் ஒருவரைத் தள்ளிவைப்பது மனித உரிமை மீறல் என்று அங்கே கல்லில் பொறித்தார்கள். 1992இல் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை ஏற்றுக்கொண்டது. ஏழ்மையிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பாதிரியார், ஏழைகளைப் பற்றி மற்றவர்கள் பேசுவது போதாது, அவர்களே பேச வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். நம் கூட்டத்தில் தலைவர் பேசினார், நான் பேசினேன், இன்னும் இருவர் பேசினார்கள். வறுமையில் இருக்கும் ஒருவர்கூட மேடையில் இல்லை, எதிரிலும் இல்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கியபோது அது என்னை உறுத்தியது. ஜனவரியில் மனு எழுதும் மேசையைத் தொடங்கியதற்கு அந்த உறுத்தலே காரணம்.

இந்த மேசையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்குழுவிலேயே பலருக்கு இதில் சம்மதம் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் சங்க அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். உதவித்தொகை, மருத்துவச் சலுகை, கல்விக் கட்டண விலக்கு, கடன் தவணைக்கு அவகாசம் என்று எதற்கு மனு கொடுக்க வேண்டியிருந்தாலும் வரலாம். படிவத்தை வாசித்துச் சொல்கிறோம், நிரப்பித் தருகிறோம், என்னென்ன நகல்கள் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறோம். பணமோ பொருளோ கொடுப்பதில்லை. இதுவரை 53 பேர் வந்திருக்கிறார்கள். 31 பேருக்கு வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

எழுந்த முதல் ஆட்சேபம்: “கையில் செல்போன் வைத்திருப்பவர் எப்படி ஏழையாவார்?” கேட்டவர் நல்ல மனிதர், சந்தாவைத் தவறாமல் கட்டுபவர். அவருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். உலக வங்கி 2025இல் திருத்தி வகுத்த கோட்டின்படி, அமெரிக்காவில் 3 டாலருக்குக் கிடைக்கும் பொருள்களைக்கூடத் தம் ஊரில் ஒரு நாளைக்கு வாங்க முடியாதவர்கள் கடும் வறுமையில் இருப்பவர்கள். உலகில் ஏறத்தாழ 80 கோடிப் பேர். அது பணத்தை மட்டும் அளக்கும் கோடு. 2010 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் வெளியிடும் பன்முக வறுமைக் குறியீடு உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றையும் 10 அளவைகளால் பார்க்கிறது. அதில் உடைமை ஒரே ஓர் அளவை. வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, கணினி, சைக்கிள், மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றில் ஒன்றுக்கு மேல் இல்லாமல், காரோ லாரியோ இல்லாமல் இருக்கும் குடும்பத்தை அது உடைமை குறைந்த குடும்பம் என்றே கணக்கிடுகிறது. ஒரு செல்போன் மட்டும் இருக்கும் வீடு அந்த ஓர் அளவையில்கூடத் தேறாது. மேலும், நாள்கூலிக்குப் போகிறவருக்கு வேலைக்கான அழைப்பு அந்த செல்போனில்தான் வருகிறது.

இரண்டாவது ஆட்சேபம்: “உழைக்காதவர்களுக்கு ஏன் உழைக்கிறீர்கள்?” இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். சீபோம் ரவுன்ட்ரீ என்ற சமூக ஆய்வாளர் 1899இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் உழைக்கும் குடும்பங்களை வீடு வீடாக விசாரித்தார். உடம்பைக் காப்பாற்றும் அளவுக்குக்கூட வருமானம் இல்லாத குடும்பங்களை ஆராய்ந்தபோது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் நிலைக்குக் காரணம் நிரந்தர வேலை இருந்தும் கூலி போதாமைதான் என்று கண்டார். நம் மேசைக்கு வருபவர்களிலும் வேலையில் இருப்பவர்களே அதிகம். வந்த வேகத்தில் பேசி முடித்து ஓடுகிறார்கள். அரை நாள் விடுப்பு எடுத்தால் அரை நாள் கூலி போய்விடும். குடியைப் பற்றியும் கேட்டார்கள். குடியால் கெட்ட குடும்பங்களும் வந்தன, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வீடுகளில் படிவத்தோடு வந்து உட்கார்ந்தவர் குடித்தவர் அல்லர். அவருடைய மனைவி, அல்லது பள்ளியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் மகள். அவர்களைத் திருப்பி அனுப்ப என்னால் முடியாது. வைத்தியச் செலவுக்கு வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியைக் கட்ட மறுபடி வட்டிக்கு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று சொல்லி மாளாது.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். கணவரை இழந்த ஓர் அம்மையார், பெயர் வேண்டாம், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து மடித்து விளிம்பு கிழிந்த காகிதங்களோடு வந்தார். உதவித்தொகைக்கு மனுக் கொடுத்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. செருப்புத் தேய நடந்திருக்கிறார். போகும்போதெல்லாம் “சரியில்லை, சரிசெய்து கொண்டு வாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். எது சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. நான் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். மூன்றாவது தாளின் பின்புறத்தில் மங்கலான பென்சிலில் ஒரு வரி இருந்தது: கணவர் பெயர் இரண்டு சான்றுகளில் வேறுபடுகிறது. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். வாசித்துச் சொன்னதும் அவர் அந்தத் தாளை வாங்கி, பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். “இத்தனை நாளும் இதை நானேதான் தூக்கிக்கொண்டு அலைந்தேனா, ஐயா?” என்று கேட்டார். பிழையைத் திருத்த நான்கு வாரங்கள் ஆயின. இப்போது அவருக்கு உதவித்தொகை வருகிறது.

இனி புகைப்பட விவகாரம். ஒரு நன்கொடையாளர், பயன் பெற்றவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினால் தொடர்ந்து உதவுவதாகச் சொன்னார். நான் மறுத்தேன். அந்த நன்கொடை நின்றுபோனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே. மேசைக்கு எதிரே சாலையின் மறுபுறம் ஒரு முதியவர் மூன்று சனிக்கிழமைகள் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நான்காவது சனிக்கிழமை, அறையில் யாரும் இல்லாதபோது உள்ளே வந்தார். கேமரா இருந்திருந்தால் அன்றும் வந்திருக்க மாட்டார். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதினார்: தம் காலத்தில் கௌரவமான ஒரு நாள்கூலிக்காரர் லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வரக் கூசுவார், ஆகவே அதுவும் அத்தியாவசியப் பொருளே என்று. பசியைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட நாலு பேர் பார்வையைப் பொறுப்பதில்லை.

இது சந்தா பாக்கிக்கும் பொருந்தும் என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். 72 அங்கத்தினர்களில் 29 பேர் இந்த ஆண்டுச் சந்தா செலுத்தவில்லை. மூன்று நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினேன், பலன் இல்லை. பிறகு பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பட்டியலில் இருந்த ஓர் அங்கத்தினர் ஓர் இரவு என் வீட்டுக்கு வந்தார். வேலை போய் ஏழு மாதங்கள் ஆயிற்றாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். கூட்டங்களுக்கு ஏன் வருவதில்லை என்று பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே நான் கேள்விக்குறி போட்டிருந்தேன். மறுநாள் காலை பட்டியலைக் கிழித்தெடுத்தேன். செயற்குழுவின் அனுமதியைப் பெறவில்லை. அதற்கு இங்கே விளக்கம் கேட்டால் இதுதான் விளக்கம். அவருடைய சந்தாவைத் தள்ளுபடி செய்யத் தலைவர் இசைந்தார், பெயர் பதிவாகவில்லை. இனி யாருக்கும் அப்படி நேர்ந்தால் என்னிடமோ தலைவரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதி 28 பேரில் பெரும்பாலோர் நிலை அப்படிப்பட்டதன்று என்பது அவர்களுக்கே தெரியும். அவர்கள் செலுத்தாத தொகையும் நோட்டுப் புத்தகத்தைத் தாமதப்படுத்தியது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது. மேசைக்கான நகல் செலவும் தபால் செலவும் பொதுச் செலவில் சேர்ந்துள்ளன. சென்ற ஆண்டைவிட இருப்பு சற்றுக் குறைவு. கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டுவிட்டன.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், அறையைக் கொடுத்து உதவியவர்கள், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் நன்றி. மேசையில் என்னோடு தவறாமல் உட்கார்ந்த இரண்டு இளைஞர்கள் நம் அங்கத்தினர்கள் அல்லர். அவர்களுக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்த இளைஞர்களில் ஒருவர் வேலை கிடைத்து வெளியூர் போகிறார். சிறிய எழுத்துப் படிவங்களை மாலை வெளிச்சத்தில் வாசிக்க என் கண் முன்போல் ஒத்துழைப்பதில்லை. நம்மில் வங்கியிலும் அலுவலகங்களிலும் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு படிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே திரும்பி வரும் என்று அவர்களால் சொல்ல முடியும். பதவியில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் மேசையை நிறுத்திவிட வேண்டாம் என்பது மட்டும் என் கோரிக்கை. 22 மனுக்கள் பாதியில் நிற்கின்றன, அவற்றின் கோப்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை நான்கரை மணிக்கு அறையைத் திறந்து வைத்திருப்பேன். மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்