தராசை நம்புகிற மாதிரிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார்: அணுவைக் கண்ணால் பார்த்தீர்களா, பூமி சூரியனைச் சுற்றுவதை அளந்து பார்த்தீர்களா, யாரோ சொன்னதைத்தானே நம்புகிறீர்கள், அப்படியானால் அறிவியலும் ஒரு மதம்தானே என்று. அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. நான் எதையும் அளந்து பார்த்ததில்லை, பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்ததை எழுதி மார்க் வாங்கியவன்.

ஆனால் திருமங்கலத்தில் முப்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிற யாரும் வீட்டிலிருந்து எடைக்கல் கொண்டுவந்து பருப்பை நிறுத்துப் பார்ப்பதில்லை. தராசு ஒரு கிலோ காட்டினால் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதுவும் நம்பிக்கைதான். சரி, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? எலக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வேண்டும். முத்திரை ஆய்வாளர் வைத்துப் பார்க்கிற கல்லையும் அதைவிடத் துல்லியமான இன்னொரு கல்லோடு ஒப்பிட்டிருப்பார்கள், அது அப்படியே மேலே மேலே போய் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிற, நம் நாட்டுக்கே மூல அளவான 57ஆம் எண் கிலோ கட்டி வரைக்கும் போகும். அதற்கும் மேலே பாரிஸ் பக்கத்தில் ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளை, 1889 முதல் 2019 வரை உலகத்துக்கே கிலோ என்றால் அதுதான்.

என் மனதில் நின்றுவிட்டது இதற்கு அப்புறம் நடந்ததுதான். அந்த உருளையை அதன் நகல்களோடு வைத்துப் பார்த்தபோது, நூறு வருடத்தில் ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருந்தது. ஒரு கிராமை இருபதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. என் தராசில் அது தெரியவே தெரியாது. கிலோ என்றாலே அந்த உருளைதான் என்று வைத்துவிட்ட பிறகு அதைத் தப்பு என்று சொல்ல வழியும் கிடையாது, பேசாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அதைப் பூட்டிக் காப்பாற்றி வந்தவர்களே வெளியில் சொன்னார்கள். வருடக்கணக்காக வேலை பார்த்து, 2019 மே 20 முதல் உருளையை ஒதுக்கிவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, எங்கேயும் மாறாத ஒரு இயற்கை அளவை வைத்து கிலோவை வரையறுத்தார்கள். இப்போது தகுந்த கருவி உள்ள எந்த நாட்டுக்காரரும் தானே செய்து சரிபார்த்துக்கொள்ளலாம். எந்த மதத்தில் இப்படி மூலவரையே எடுத்து வைத்துவிட்டுக் கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள்?

என் கடையிலும் ஒரு தடவை நடந்தது. துவரம்பருப்பு வாங்கிப்போன ஒரு அம்மா, அரை மணி நேரத்தில் திரும்பி வந்து முப்பது கிராம் குறையுது தம்பி என்றார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கல்லை எடுத்து வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அன்றைக்கே தராசை மாற்றினேன். அந்த அம்மா இன்றைக்கும் என் கடைக்குத்தான் வருகிறார், நிறுத்துப் பார்ப்பதில்லை.

கடிதம் எழுதியவர் அணுவைக் கேட்டார், நான் உலக்கையைச் சொல்கிறேன். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று (திண்டுக்கல்லில் வளையமாகவே தெரிந்ததே, அது) எங்கள் தெருவில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள், நின்றது. கிரகணம் இருக்கிற வரைக்கும் நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. அம்மா கும்பிட்டார். நாலு நாள் கழித்து அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நான் நிறுத்திப் பார்த்தேன். மூன்று தடவை சாய்ந்தது, நாலாவது தடவை நின்றுவிட்டது. அடி சமமாக இருந்தால் எந்த நாளிலும் நிற்கும். அம்மா பார்த்துவிட்டு, "அப்போ கிரகணம் விட்டதை எதை வச்சுப்பா தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார். பேப்பரில் முதல் நாளே மணி போட்டிருந்தது, அந்த மணிக்குத்தான் விட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுத்த தடவை பேப்பரை எடுத்து வை என்றார்.

கடவுள் நம்பிக்கைக்கு நான் எதிரி கிடையாது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அந்தக் கூட்டத்தில் நானும் நிற்பேன், அங்கே எடைக்கல்லைத் தேட எனக்குத் தோன்றாது. தமிழில் இரண்டுக்கும் நம்பிக்கை என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால்தான் பாதிக் குழப்பம் என்று நினைக்கிறேன். ஆராய்ந்து பார்த்து நம்புவதற்குத் தெளிதல் என்று பழைய தமிழில் தனியாகவே ஒரு சொல் இருந்தது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நேற்று ஒரு கிலோவாக இருந்த கல் நாளைக்கும் ஒரு கிலோவாக இருக்கும், உலகத்தின் விதிகள் ராத்திரியோடு மாறிவிடாது என்பதை யாராலும் நிரூபித்துக் காட்ட முடியாது. அது நம்பிக்கையேதான். ஆனால் காலையில் அடுப்பைப் பற்றவைக்கிற எல்லோருக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது, கோயிலுக்குப் போகிறவர், போகாதவர் என்ற வித்தியாசமே இல்லை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். "ஆய்வில் கண்டுபிடிப்பு" என்று செய்தி போடுகிறீர்கள், ஒரு நாள் காபி நல்லது, மறுவாரம் கெட்டது. எத்தனை பேரை வைத்துப் பார்த்தார்கள், வேறு யாராவது அதையே திரும்பச் செய்து பார்த்தார்களா, செலவுக்குப் பணம் யார் கொடுத்தது, இந்த மூன்றையும் ஒரு வரியிலாவது போடுங்கள். முத்திரை இல்லாத தராசில் நான் பருப்பு நிறுத்தால் அபராதம் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
திருமங்கலம்.