புடைவைக் கடைப் பிள்ளைகளுக்கும் பரீட்சை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்திராவிட்டால் எங்கள் வீட்டில் எத்தனை பேர் பள்ளிப் படியேறியிருப்பார்களோ! ஆனால் கொழும்பு, புறக்கோட்டைப் புடைவைக் கடைகளில் நாள் முழுவதும் நின்றபடி சேலை விரித்துக் காட்டும் மலையகப் பிள்ளைகள் இந்தப் பெருமைக்குள் வருவதில்லை.

பதினாறு வயது வரை பாடசாலையில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அது முடிந்ததும் மலையகத்து ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் கொழும்புக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். நான் அறிந்த பிள்ளைகளில் அநேகருக்குப் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம்தான் சித்தியில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி தோற்றலாமே என்றால், "படிக்க எங்கே அக்கா நேரம்?" என்கிறார்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. அந்த அரை நாளை நான் வேலை பார்த்த கடைகளில் கண்டதேயில்லை. தீபாவளி நெருங்கினால் மீதி ஒரு நாளும் போய்விடும்.

நான் அப்படியொரு கடையில் கணக்கு எழுதுபவள். எங்கள் கடைப் பிள்ளை ஒருத்தி போர்டிங்கில் இரவிரவாகப் படித்துக் கணிதத்தில் சித்தியடைந்தாள். பிறகு ஒரு நாள், ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதிக் கணக்கைக் கேட்டு, சம்பளத் துண்டோடு என் மேசைக்கு வந்தாள். "சேமலாப நிதிக்கு என்னிடம் எட்டு வீதம் கழித்திருக்கிறீர்கள். முதலாளி போடும் பன்னிரண்டு வீதம் எந்தத் தொகைக்கு, அக்கா? வாழ்க்கைச் செலவுப் படியையும் சேர்த்தா, சேர்க்காமலா?"

சேர்க்கவில்லை. அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். "படிக்க விட்டால் இப்படித்தான்" என்று முதலாளி சினந்தார். அவருடைய மகள் வெளிநாட்டில் கணக்கியல் படிக்கிறாள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எப்படியோ, இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் படியைச் சேர்த்தே கணக்குப் போடுகிறேன்.

கடை முதலாளிமாரிடம் நான் சலுகை கேட்கவில்லை. சட்டத்தில் உள்ள அந்த அரை நாளைக் கொடுங்கள். பரீட்சை நாள்களில் சம்பளம் வெட்டாதீர்கள்.

தங்களிடமும் ஒன்று கேட்கலாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள்கள் வெளியிடுவதுபோல, சாதாரண தரக் கணிதத்துக்கும் வாரம் ஒன்று, விடைகளோடு வெளியிட்டால் என்ன? கடைக்கு வரும் பத்திரிகையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பிள்ளைகள்தான் முழுவதும் வாசிக்கிறார்கள்.

கணக்கெழுதும் பெண்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.