பிளஸ் டூ மாணவருக்கு மறைக்கல்விப் பாடவேளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கப் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புகளில் நடைபெறும் மறைக்கல்வியை, அதாவது கிறிஸ்தவ விசுவாசப் பாடத்தைக் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, பாடநூல்களின் தரத்தைப் பற்றியே பெரிதும் பேசியிருந்தது. கொங்கு வட்டாரப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், பாடநூலுக்கு முன்பாகக் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று கூற விரும்புகிறேன்.

நாமக்கல், ராசிபுரம் பகுதியின் உறைவிடப் பள்ளிகள் பிளஸ் ஒன் ஆண்டிலேயே பிளஸ் டூ பாடங்களைத் தொடங்கி மதிப்பெண்களைக் குவித்த நாளிலிருந்து, அவற்றோடு போட்டியிடும் நெருக்கடி நம் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் மறைக்கல்விப் பாடவேளை கணக்குக்கோ இயற்பியலுக்கோ போய்விடுகிறது. பெற்றோரும் ஏனென்று கேட்பதில்லை. பங்கில் (ஊர்க் கோவிலில்) ஞாயிறு மறைக்கல்வி இருக்கிறதே என்பார்கள். விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலைப் பெற்றதோடு பிள்ளைகளில் பலர் அதற்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வருகின்ற சிலரையும் நீட் பயிற்சி வகுப்பு இழுத்துக்கொள்கிறது. கடைசியில் எஞ்சுவது, பொதுத்தேர்வுக்கு முன் ஒருநாள் தியானமும், பேனாவையும் நுழைவுச்சீட்டையும் பீடத்தில் வைத்து மந்திரிப்பதும் (குரு ஆசி வழங்குவதும்) தான். அதை நான் குறைகூற மாட்டேன். அச்சத்தோடு தேர்வறைக்குப் போகும் பிள்ளைக்கு அது தெம்பு தருகிறது. ஆனால் அதையே விசுவாச உருவாக்கம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது ஏற்புடையதன்று.

கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, மாணவர் தம் ஆளுமையில் வளர்வதும் திருமுழுக்கால் பெற்ற புதுவாழ்வில் வளர்வதும் ஒருங்கே நிகழுமாறு துணைநிற்பது கத்தோலிக்கப் பள்ளியின் பணி என்கிறது. பதினாறு, பதினேழு வயதில்தான் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. திருப்பலியில் அருகருகே அமரும் இரு குடும்பங்கள் பெண் கொடுக்க மட்டும் ஏன் சாதி பார்க்கின்றன, மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் நான் வீணா, மன்றாடியும் அப்பாவின் குடி நிற்கவில்லையே என்றெல்லாம் அவர்கள் கேட்கிறார்கள். பத்துக் கட்டளைகளை மீண்டும் ஒருமுறை ஒப்புவிக்கச் செய்வதால் இவற்றுக்கு விடை கிடைத்துவிடாது.

நமக்குக் கைவசம் ஒரு நல்ல வழி இருக்கிறது. பெல்ஜியத்தில் தொழிலாளர் வீட்டில் பிறந்து குருவான ஜோசப் கார்டைன், ஆலைகளில் உழைத்த இளைஞர்களிடையே பழக்கிய 'பார், சீர்தூக்கு, செயல்படு' என்ற முறையைத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1961ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பரிந்துரைத்தார். ஒய்.சி.எஸ். என்று நாம் அழைக்கும் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் அடிப்படையும் அதுவே. பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் சூழ்ந்த திருப்பூர், கோவை மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியுமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியுள்ள குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்துவிட்டு வந்து, கண்டதை நற்செய்தியோடு வைத்துப் பேசும் மாணவன், தன் வாழ்க்கையையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்குவான். பல பள்ளிகளில் இவ்வியக்கம் ஆண்டுவிழாவில் கொடி பிடிப்பதோடு நின்றுவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் வகுப்பறைகளில் பெரும்பாலோர் பிற சமயத்தவர். அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் இசைவின்றி எந்தச் சிறாரையும் சமயப் போதனையில் பங்கேற்க வைக்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே மறைக்கல்வி நடக்கும் அதே வேளையில் மற்றவர்க்கு நன்னெறி வகுப்பு நடக்கட்டும். களப்பணிக்கு மட்டும், விரும்புவோர் அனைவரும் சேர்ந்து செல்லலாம்.

இப்பாடவேளையைச் சிறப்பு வகுப்புக்குத் தருவதில்லை என்று தாளாளர்களும் தலைமையாசிரியர்களும் ஏப்ரல், மே மாதங்களிலேயே எழுத்தில் முடிவு செய்து, அதை நடத்தும் ஆசிரியருக்கு விடுமுறையிலேயே பயிற்சியும் அளிக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்தபின் எந்த முதுகலை ஆசிரியரும் தம் பாடவேளையை விட்டுக்கொடுக்க மாட்டார், நானும் விட்டுக்கொடுத்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
கருமத்தம்பட்டி.