மனீஷாவின் புத்தகம் படித்தேன், கண்ணு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி.

மனீஷா கொய்ராலா தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'ஹீல்டு' புத்தகத்தை இப்போதுதான் முடித்தேன், 2018-ல் வந்தது. 'பம்பாய்' படத்தில் நாமெல்லாம் பார்த்த அந்தப் பெண்தான். தாத்தா பி.பி. கொய்ராலா நேபாளத்தின் பிரதமராக இருந்தவர். 1991-ல் இந்தி சினிமாவுக்கு வந்து சீக்கிரமே பெரிய இடத்துக்குப் போய்விட்டார். அப்புறம் சரிவு, குடி, 2010-ல் செய்த கல்யாணம் இரண்டு வருஷத்தில் முறிந்தது. அதே 2012-ல் சினைப்பைப் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலையில். நியூயார்க்கில் பெரிய ஆபரேஷன், பல மாசம் கீமோதெரபி. இதையெல்லாம் யார் மேலும் பழி போடாமல் எழுதியிருக்கிறார், எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

பிடிக்காத இடமும் உண்டு. நோய் தனக்குக் கிடைத்த பரிசு என்கிற மாதிரி பேசுகிறார். பட்டவர், அவருக்குச் சொல்ல உரிமை இருக்கிறது. ஆனால் என் பிள்ளைக்கு அப்படி ஒரு பரிசு வேண்டவே வேண்டாம்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அவருடைய வீட்டு ஆட்கள்தான். பேரும் புகழும் இருந்தபோது சுற்றி நின்றவர்கள் பலர் நோய் என்றதும் காணாமல் போனார்கள், பக்கத்தில் நின்றது அம்மாவும் தம்பியும் மாதிரி நெருங்கிய சொந்தம் மட்டும்தான் என்று பேட்டிகளிலும் சொல்லியிருக்கிறார். அத்தனை பெரிய நடிகை, நாற்பது வயசைத் தாண்டியவர், அம்மா கூட வரட்டும் என்று விட்டார் பார். நீ ஏன் விடமாட்டேன் என்கிறாய்? விவாகரத்துக் கேஸ் முழுக்க நீ தனியாகவே அலைந்தாய், வேலை போனதையும் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாய். அப்பா கேட்டுவிட்டு அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, உன் மேல் கோபமெல்லாம் இல்லை, பக்கத்தில் இல்லாமல் போனோமே என்றுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று போன தடவை பேசும்போது சொன்னாய், டென்ஷன் என்று நீயே முடிவும் கட்டிவிட்டாய். டென்ஷனாகவே இருக்கலாம், பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் சினைப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் இப்படித்தான், வயிற்று உப்புசம், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என்று சின்னச் சின்னதாகக் காட்டும், அதனாலேயே பலருக்குத் தாமதமாகத் தெரிய வருகிறது. வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் டாக்டரிடம் போய்த்தான் ஆகவேண்டும். பாப் ஸ்மியர் எடுத்தாச்சு என்று சொல்லாதே, அது கருப்பை வாய்க்கான சோதனை, இதைக் கண்டுபிடிக்காது. ஸ்கேன் தேவையா, சிஏ-125 என்கிற ரத்தப் பரிசோதனை தேவையா என்று வாய்விட்டுக் கேள்.

மனீஷா திரும்ப நடிக்க வந்து 'சஞ்சு' படத்தில் அந்தக் கால இந்தி நடிகை நர்கிஸாக நடித்தார், தெரியுமா? நர்கிஸும் புற்றுநோய்க்காக நியூயார்க் போய் சிகிச்சை எடுத்தவர், 1981-ல் இறந்துபோனார். தான் மீண்டு வந்த பிறகு, மீளாமல் போன ஒருத்தியாகக் கேமரா முன்னால் போய் நிற்க எவ்வளவு தெம்பு வேண்டும்! அதை நினைத்து வெகுநேரம் புத்தகத்தை மூடியே வைத்திருந்தேன்.

சரி, நீட்டவில்லை. இந்த வாரமே டாக்டரிடம் தேதி வாங்கு, வாங்கியதும் எனக்குச் சொல், முதல் நாளே வந்துவிடுகிறேன். வீட்டை அப்பா பார்த்துக்கொள்வார், கேட்டுவிட்டேன். வேலை எப்போது கிடைக்கும், அடுத்து என்ன என்றெல்லாம் கேட்கமாட்டேன். டாக்டர் ரூமுக்குள் வரவேண்டாம் என்றால் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். வராதே என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா