மூச்சைக் கவனிச்சா மாங்கா விலை ஏறுமா?

ஆசிரியருக்கு வணக்கம். நான் கிருஷ்ணகிரி பக்கம் தோத்தாபுரி மா வெச்சிருக்கிற விவசாயி. போன சீசன்ல மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசல்ல டிராக்டரோட ராத்திரி பூரா லைன்ல நின்னேன், காலைல பார்த்தா விலைய குறைச்சுட்டாங்க, வந்த கோவத்துல எடை போடுற பையன் மேல கையே ஓங்கிட்டேன். அப்புறம்தான் மச்சான் சொன்னாருன்னு மூச்ச கவனிக்க உக்காந்தேன். புத்தர் சொன்ன ஆனாபானசதிதான், ஆனா சாமி, மந்திரம் எதுவும் கிடையாது. 1979ல அமெரிக்காவுல ஜான் கபாட்-ஜின்ங்கிறவர் இத மதம் கலக்காம ஒரு பயிற்சியாவே ஆஸ்பத்திரில ஆரம்பிச்சிருக்காரு.

நான் மோட்டார் கொட்டாயில 10 நிமிஷம் உக்காருவேன். மூக்கு நுனில காத்து போறது வர்றது, அவ்ளோதான், ரெண்டு மூச்சுக்குள்ள மனசு சொசைட்டி கடனுக்கு ஓடிரும், திரும்ப இழுத்துட்டு வரணும், முட்டி வேற கடுக்கும். கடன் குறையல. ஆனா கோவம் வர்றப்போ தாடை இறுகுறது இப்ப முன்னாடியே தெரியுது, வாயத் திறக்காம நின்னுடறேன். "என்ன, இன்னைக்கு சண்டை இல்லையா"ன்னு வீட்ல கேக்குறாங்க!

இதையே சாக்கா வெச்சு விவசாயிங்கள பொறுமையா இருங்கன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, மாங்கா விலை தனி விஷயம், அதையும் உங்க பேப்பர்ல எழுதுங்க.

ஒரு மா விவசாயி,
கிருஷ்ணகிரி மாவட்டம்