மேடையில் ஒலிக்கும் இரண்டு ஆங்கிலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த உலக நாடகம் பற்றிய கட்டுரையைப் படித்ததிலிருந்து எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நினைத்தே பத்து நாள் ஓடிவிட்டது. கட்டுரையின் முக்கால்வாசியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடைசிக்கு முந்தைய பத்தியில், இப்போது அமெரிக்காவில் பெண்களும் வெள்ளையரல்லாதவர்களும் எழுதும் நாடகங்களெல்லாம் 'நான் யார்' என்று மேடையில் நின்று முழங்குகிற அடையாள நாடகங்கள், அந்தந்தச் சமூகத்துக்கு வெளியே அவற்றுக்கு வேலை இல்லை என்கிற மாதிரிக் கட்டுரையாளர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நாடகங்களில் ஒன்றின் பெயர்கூட அந்தப் பத்தியில் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றை எடுத்துக்கொள்வோம். சனாஸ் தூஸி எழுதிய 'இங்கிலீஷ்'. ஈரானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கலிஃபோர்னியாவில் வளர்ந்த மகள் அவர். 2017இல் ஈரானியர் உள்ளிட்டோர் அமெரிக்காவுக்குள் வரத் தடை போட்டார்களே, அந்தக் கோபத்தில், நியூயார்க்கில் நாடக எழுத்து படித்துக்கொண்டிருந்தபோது எழுதியது. 2022இல் மேடையேறி 2023இல் அமெரிக்காவின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வாங்கி, 2025இல் நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்கும் போய்விட்டது. கோபத்தில் எழுதியது என்று சொன்னேன், ஆனால் நாடகத்தில் அந்தத் தடை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2008, தெஹ்ரானுக்குப் பக்கத்தில் கராஜ் என்ற ஊர், அங்கே ஒரு வகுப்பறை, டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படிக்க வந்த நான்கு பேர், ஒரு டீச்சர். வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டும் என்பது விதி. அவ்வளவுதான் கதை.

இதில் தூஸி செய்திருக்கும் காரியத்தைப் பாருங்கள். நாடகம் கிட்டத்தட்ட முழுக்க ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பாத்திரங்கள் பாரசீக மொழியில் பேசுவதாக வரும் இடங்களில் நடிகர்கள் சரளமான, எந்தத் தடங்கலும் இல்லாத அமெரிக்க ஆங்கிலம் பேசுவார்கள். ஆங்கிலத்தில் பேசுவதாக வரும் இடங்களில் அதே நடிகர்கள் சொல்லைத் தேடித் தேடி, உச்சரிப்பு இடற, அரைகுறை வாக்கியங்களில் பேசுவார்கள். எல்ஹாம் என்ற பெண் டாக்டருக்குப் படிக்க ஆஸ்திரேலியா போக வேண்டும் என்று டோஃபல் எழுதி எழுதித் தோற்றுக்கொண்டே இருப்பவள். பாரசீகத்தில் அவளை யாரும் பேச்சில் ஜெயிக்க முடியாது, அவ்வளவு கூர்மையான நாக்கு, அவ்வளவு நகைச்சுவை. ஆங்கிலத்துக்கு மாறியதும் நான்கு வார்த்தைக்கு மேல் தெரியாத குழந்தை மாதிரி ஆகிவிடுகிறாள். ஆள் மாறவில்லை, மொழி மட்டும்தான் மாறியது. ஒரு மனுஷியின் புத்தியில் பாதியை ஒரு மொழி எப்படி வாயில் போட்டு விழுங்கிவிடுகிறது என்பதை எந்த விளக்க வசனமும் இல்லாமல் காதுக்கே கேட்க வைத்துவிட்டார். இதில் முழக்கம் எங்கே இருக்கிறது?

ரோயா என்ற வயதான அம்மா இன்னொரு மாணவி. மகன் கனடாவில் இருக்கிறான். பேத்தியோடு பேச வேண்டுமானால் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வா என்பது மகன் சொன்ன நிபந்தனை. அந்த அம்மா மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் விட்டுக்கொண்டே இருக்கும் இடங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. என் அம்மா டெக்சாஸில் தம்பி வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். வந்த அன்று அவர் சொன்னது, "புள்ள நல்லாத்தான் இருக்கு, எங்கிட்ட பேசத்தான் அதுக்கு ஒண்ணும் இல்ல" என்று. கட்டுரையாளர் சொன்ன 'அந்தச் சமூகத்துக்கு வெளியே' என்ற இடத்தில்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். கராஜ் எங்கே இருக்கிறது என்றுகூட இந்த நாடகத்தைப் படிப்பதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

சரி, ஒரே நாடகத்தை வைத்து வாதாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஜாக்கி சிப்லிஸ் ட்ரூரியின் 'ஃபேர்வியூ' (2019இல் புலிட்சர்) ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பாட்டியின் பிறந்தநாள் விருந்தோடு டிவி சீரியல் போல ஆரம்பிக்கும். இரண்டாவது பகுதியில் அதே காட்சி சத்தமில்லாமல் மறுபடி நடக்க, அதன் மேல் வெள்ளைக்காரர்கள் சிலரின் பேச்சுக் குரல் மட்டும் கேட்கும். கடைசியில் அந்த வீட்டுப் பெண் அரங்கைப் பார்த்துத் திரும்பி, வெள்ளையர்கள் எழுந்து மேடைக்கு வருமாறு கேட்பாள். யார் யாரைப் பார்க்க டிக்கெட் வாங்கி வந்தோம் என்பது அந்த நிமிடத்தில் தலைகீழாகிவிடும். அமெரிக்காவின் லகோட்டா பூர்வகுடியைச் சேர்ந்த லாரிசா ஃபாஸ்ட்ஹார்ஸ் வேறு வழியில் போனார். பூர்வகுடிப் பாத்திரங்களை வைத்து அவர் எழுதியவற்றை, நடிக்க ஆள் கிடைக்காது என்று சொல்லி நாடகக் குழுக்கள் ஒதுக்கிக்கொண்டே இருந்தன. அதனால் 'தி தேங்க்ஸ்கிவிங் பிளே'யை, அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலல் நாள் பற்றி, பூர்வகுடிகளின் மனம் நோகாமல், ஆனால் ஒரு பூர்வகுடிகூட இல்லாமல், பள்ளி நாடகம் போடப் பார்க்கும் நான்கு பேரை மட்டும் வைத்து எழுதினார். அது 2023இல் பிராட்வேக்குப் போனது. தன் மக்கள் மேடையில் இல்லாததையே நாடகமாக்கிவிட்டார்.

இவர்களுக்குத்தான் இப்போது பரிசெல்லாம் போகிறது என்ற தொனியும் கட்டுரையில் இருந்தது. நாடகத்துக்கான புலிட்சர் 1918 முதல் தரப்படுகிறது. அதை ஒரு கறுப்பினப் பெண் முதன்முதலில் வாங்கியது 2002இல், சூசன்-லோரி பார்க்ஸ். இன்னொரு கறுப்பினப் பெண் நாடக ஆசிரியரான ஏட்ரியன் கென்னடியின் முதல் முக்கியமான நாடகம் 1964இல் நியூயார்க்கின் சிறிய அரங்கு ஒன்றில் வந்தது. பிராட்வேயில் அவர் எழுதிய ஒரு நாடகம் ஏற 2022 டிசம்பர் வரை ஆயிற்று. அப்போது அவருக்கு 91 வயது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் 'இப்போதெல்லாம் இவர்களுக்குத்தான்' என்று எழுத எப்படி மனம் வந்தது?

நம் ஊருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒருவரையும் கட்டுரை விட்டுவிட்டது, அனுபமா சந்திரசேகர். சென்னைக்காரர். அவருடைய 'ஃப்ரீ அவுட்கோயிங்' 2007இல் லண்டனில் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. சென்னையில் ஒரு பள்ளி மாணவியின் அந்தரங்க வீடியோ செல்போன் செல்போனாகப் பரவ, அவள் குடும்பம் வீட்டுக்குள்ளேயே முற்றுகைக்கு ஆளாகும் கதை. அந்தப் பெண் தீபா ஒரு காட்சியில்கூட மேடைக்கு வரமாட்டாள். ஊரே பார்த்துவிட்ட பெண்ணை நாம் பார்க்கவே முடியாது. அப்புறம் 2022இல் அவருடைய இன்னொரு நாடகம் லண்டன் நேஷனல் தியேட்டரின் பெரிய மேடைக்கே போனது, இயக்கியவர் இலங்கைத் தமிழ் வம்சாவளியில் பிரிட்டனில் பிறந்த இந்து ருபசிங்கம். இதெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை வரி வந்தது என்று தேடிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இனி என் கோரிக்கை. இந்த நாடகங்களைப் பற்றிக் கருத்து சொல்வதற்கு முன் ஒரு காட்சியாவது தமிழில் போடுங்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடி நாடகப் பிரதிகளை வாய்விட்டுப் படிக்கிறோம். 'இங்கிலீஷ்' நாடகத்தை எங்களுக்காகத் தமிழாக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது பெரிய சிக்கல் வந்தது. பாரசீகத்தைத் தமிழாக்கி ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே விட்டால் மேடையில் இயல்பாக ஓடும், ஐஈஎல்டிஎஸ் கோச்சிங் போனவர்கள் எல்லாரும் கண்ணீர் விடுவார்கள். ஆனால் அமெரிக்கப் பார்வையாளர் தன் மொழி இன்னொருவர் வாயில் திக்குவதைக் கேட்டு, மறுநொடியே அதே ஆள் தன்னைவிட அழகாகப் பேசுவதைக் கேட்டுத் தடுமாறுகிற இடம் அப்போது காணாமல் போய்விடும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டையும் தமிழிலேயே வைக்க வேண்டும், சரளமான தமிழ் ஒன்று, உடைந்த தமிழ் ஒன்று. அப்படி வைத்து ஒரு பக்கம் படித்துப் பார்த்தோம். உடைந்த தமிழ் வந்ததும் எங்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நானும் ஒருத்தி. சினிமா காமெடியில் ஹோட்டல் சப்ளையராகவும் கட்டட வேலைக்காரராகவும் வரும் வடமாநிலத்துப் பையனின் தமிழ்தான் எங்கள் காதில் விழுந்தது. அப்புறம் அதே பாத்திரம் நல்ல தமிழுக்கு மாறியதும் அறையில் யாரும் எதுவும் பேசவில்லை.

அந்த முறையில்தான் தொடர்வது என்று முடிவு செய்து முதல் காட்சியில் பாதி வரை வந்திருக்கிறோம். முடித்ததும் அனுப்புகிறோம், அனுமதி வாங்கிப் பிரசுரிக்க உங்களால் முடியுமா என்று சொல்லுங்கள். கட்டுரையாளருக்கும் ஒரு பிரதி அனுப்ப விருப்பம்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி